முகவரி மட்டும் சரி

என் அக்கா புருஷனிடம் ஒரு ஊரின் பெயரை அரைகுறையாகச் சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. "மாமா, பெரியப்பா மவனுக்கு நல்லூர்ல பொண்ணு பாத்திருக்காங்க" என்று நான் சொல்லி வாயை மூடியிருக்க மாட்டேன், "எந்த நல்லூரு? என்னா தாலுகா? எந்தத் தபால் ஆபீசு?" என்று வந்து விழும். தெரியாது என்றால் முகத்தைச் சுளிப்பார். "தாலுகா இல்லாத ஊரு ஊரில்ல மச்சான், வதந்தி" என்பார்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு சர்க்கார் அலுவலகத்தில் தபால் அனுப்பும் குமாஸ்தா அவர். இருபத்திரண்டு வருடமாக அதே நாற்காலி, அதே ஜன்னல். அலுவலகத்திலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு காகிதமும் அவர் கையால் உறைக்குள் போய், அவர் கையால் முகவரி பெற்றுத்தான் போகும். வலது கை விரல்களில் எப்போதும் கோந்து காய்ந்திருக்கும். ராத்திரி சோற்றில் கை வைப்பதற்கு முன் அதை மெல்லத் தோல் தோலாக உரித்து எடுப்பார். அக்கா சாதத்தோடு காத்துக்கொண்டு நிற்பாள்.

அவரிடம் இரண்டு வேதவாக்குகள் இருந்தன. ஒன்று, இன்னைக்குத் தபால் இன்னைக்கே. இன்னொன்று, ஆள் பொய் சொல்லலாம், அட்ரஸ் பொய் சொல்லக் கூடாது. எங்கள் அப்பா செத்தபோது வீடே தலைவிரிகோலமாக அழுதுகொண்டிருக்க, இவர் பின்கட்டில் உட்கார்ந்து சாவு சொல்லும் நாற்பது கார்டுகளின் ஓரத்தில் கறுப்பு மை தடவிக்கொண்டிருந்தார். கம்மாபுரத்துச் சித்தப்பா, திட்டக்குடி அத்தை, எல்லார் தெருவும் கதவு எண்ணும் அவருக்கு மனப்பாடம். அன்றைய மாலைத் தபாலிலேயே அத்தனையும் போய்விட்டன. அவர் அழுதாரா என்று யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

அறுபதுகளின் நடுவில், அரிசிக்கு வரிசையில் நின்ற நாட்களில், நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் டைப் அடிக்கிற வேலை. இருபத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை, உலகத்தில் எனக்குத் தெரியாதது இல்லை என்ற நினைப்பு வேறு. மாமாவுக்கு நாற்பத்தைந்து. அக்காவுக்கு நாற்பத்தொன்று. மகன் நெய்வேலியில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே தங்கிவிட்டான். மகளுக்கு அந்த வருடம் சித்திரையில் கல்யாணம் ஆயிற்று.

மகள் கல்யாணப் பத்திரிகைக்கு மாமா முந்நூறு உறை எழுதினார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதே வேலை. எல்லாம் முடிந்தபின் ஓர் உறை மீந்தது. அதை எடுத்துத் தன் பெயரையே எழுதினார். கீழே எங்கள் தெரு, கதவு எண், திருப்பாப்புலியூர், கடலூர். எழுதிவிட்டு அதை எட்டப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா மாமா, உங்களுக்கே பத்திரிகையா?" என்றேன்.

"இல்ல மச்சான். இந்தப் பேர இந்த அட்ரஸுல இதுவரைக்கும் நான் எழுதிப் பாத்ததில்ல. நமக்கு யாரும் லெட்டரே போடறதில்ல, கவனிச்சியா?"

நான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன். கல்யாண வீட்டில் ஆயிரம் வேலை.

கல்யாணம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து கோயிலிலிருந்து வந்தவர், சட்டையை மாற்றவில்லை. குடையை எடுத்துக்கொண்டு, "சிதம்பரத்துல ஒரு வேலை" என்று ஸ்டேஷனுக்குக் கிளம்பினார். சாயங்காலம் வந்தார். அடுத்த ஞாயிறும் போனார். அதற்கடுத்த ஞாயிறும். என்ன வேலை என்று அக்கா கேட்டால், "வேலைதான்" என்பார். வெளியூர் ஆள் வழி கேட்டால் வரைபடமே போட்டுக் காட்டுகிற மனிதர் இப்படி ஒற்றை வார்த்தையில் நின்றது அக்காவுக்கு உறுத்தியது. பக்கத்து வீட்டுக்காரி வேறு, "சிதம்பரத்துல உங்களுக்கு யாரு இருக்கா?" என்று கேட்டு வைத்தாள்.

"நீ போயி பாத்துட்டு வா" என்றாள் அக்கா என்னிடம். "எதா இருந்தாலும் எங்கிட்ட மறைக்காத."

அடுத்த ஞாயிறு அதே ரயிலில் பின் பெட்டியில் ஏறினேன். துப்பறிகிற உற்சாகம் எனக்கு. சிதம்பரத்தில் இறங்கி அவர் மேலவீதி வழியாக மெதுவாக நடந்தார். ஒவ்வொரு சந்திலும் திரும்பி வீடுகளின் வாசலைப் பார்த்துக்கொண்டே போனார். ஒரு வீட்டுத் தூணில் 'வாடகைக்கு விடப்படும்' என்று அட்டை தொங்கியது. நின்றார், சட்டைக் காலரைச் சரிசெய்தார், கதவைத் தட்டினார். உள்ளே போய்க் கால்மணி நேரம் கழித்து வந்தார். பிறகு இன்னொரு தெரு, இன்னொரு அட்டை. மூன்றாவது வீட்டில் நான் ஜன்னலோரமாக நின்று கேட்டேன். எத்தனை பேர் என்று வீட்டுக்காரர் கேட்க, மாமா கொஞ்சமும் தயங்காமல், "அம்மாவும் நானும்தான். எனக்கு இன்னும் கல்யாணம் ஆவல" என்றார். அவருடைய அம்மா செத்துப் பத்து வருடம்.

வெளியே வந்தவர் என்னைப் பார்த்துவிட்டார். திடுக்கிடவில்லை. "சாப்பிட்டியா?" என்று கேட்டுக் கீழவீதியில் ஒரு ஓட்டலுக்கு அழைத்துப் போனார். இட்லியும் கத்தரிக்காய்க் கொத்சும் வந்தன. அன்று அவர் விரலில் கோந்து இல்லை. சுத்தமான கையால் சாப்பிட்டார்.

"கடலூர் வீட்டக் காலி பண்ணப் போறீங்களா மாமா?"

"சேச்சே."

"பின்ன?"

"உள்ள போயி நிப்பேன். ஜன்னல் எந்தப் பக்கம் இருக்குதுன்னு பாப்பேன். கட்டில இங்க போடலாம், மேசைய அங்க போடலாம்னு யோசிப்பேன். நீங்க யாருன்னு கேப்பாங்க. ஒரு வீட்டுல வாத்தியாருன்னு சொன்னேன். ஒரு வீட்டுல மாட்டு டாக்டரு. போன வாரம் நாலு பொம்பளப் புள்ளைங்களுக்கு அப்பன். கொஞ்ச நேரம் அதுவா இருந்துட்டு வந்துடுவேன். அவ்ளோதான் மச்சான்."

"அதுல என்னா கெடைக்குது?"

அவர் கொத்சைத் தொட்டுக்கொண்டே யோசித்தார். "இருவத்திமூணு வயசுல எனக்கு எல்லா ஊரும் தொறந்து கெடந்துது. எந்த ஊருக்கு வேணும்னாலும் போயிருக்கலாம், என்னா வேணும்னாலும் ஆயிருக்கலாம். இப்ப ஒரு நாளைக்கு நூறு ஊரு பேரு எழுதுறேன். ஒண்ணுக்கும் போவப் போறதில்லன்னு தெரிஞ்சுபோச்சு. அது ஒரு நா திடீர்னு தெரியும் மச்சான். கல்யாண உறை எழுதறப்ப தெரிஞ்சுது."

நான் சிரித்தேன். இன்றைக்கும் அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருக்கிறது. எனக்கு நாற்பத்தாறு ஆனபோது, விழுப்புரம் பஸ் நிலையத்தில், எங்கோ வடக்கே போகிற பஸ்ஸின் பலகையைப் படித்துக்கொண்டு நின்றிருந்தேன். பஸ் புறப்பட்டுப் போயிற்று. அதில் எனக்கு ஒரு வேலையும் இல்லை, ஆனாலும் அழுகை வந்துவிட்டது. அன்றைக்குத்தான் மாமா சொன்னது எனக்கு முழுதாகப் புரிந்தது. குறை என்று ஒன்றும் இல்லாமலே மனசு இப்படி ஆகும். வாழ்ந்தது தப்பு என்பதில்லை, வாழ்ந்தது ஒன்றுதான் என்பதுதான் துக்கம். அதை யாரிடம் போய்ச் சொல்ல முடியும்? சொன்னால் என்னைப் போல ஒருத்தன் சிரிப்பான்.

அக்காவிடம் உள்ளதைச் சொன்னேன். பொம்பளை சமாசாரம் எதுவும் இல்லை, சும்மா வீடு பார்க்கிறார் என்றேன். அவள் முகம் தெளியவில்லை.

"பொம்பளயா இருந்தாலாவது போயி சண்ட போடலாம். வீட்டுகிட்ட எப்படிடா சண்ட போடறது?" என்றாள்.

ஆவணி கடைசியில் அந்தக் கார்டு வந்தது. தபால்காரர் அதைக் கொடுக்கும்போதே அக்கா முகத்தைப் பார்க்கவில்லையாம். கார்டு என்றால் வழியில் நாலு பேர் படிப்பார்கள். நான் மத்தியானம் சாப்பிட வந்தபோது அக்கா அதை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். பெண் எழுத்து, திருத்தமாக இருந்தது.

'மதிப்பிற்குரிய ஐயா, நலம். தாங்கள் பார்த்துவிட்டுப் போன வீட்டை இன்னும் யாருக்கும் விடவில்லை. மூன்று பேர் வந்து கேட்டுவிட்டார்கள். மனைவியைப் பறிகொடுத்து இத்தனை வருடம் தனியாகவே இருந்துவிட்டதாகத் தாங்கள் சொன்னது என் மனதிலேயே நிற்கிறது. வெள்ளையடித்து வைத்திருக்கிறேன். எப்போது வருகிறீர்கள் என்று ஒரு வரி எழுதவும்.'

மறுபக்கம் மாமாவின் பெயர், எங்கள் தெரு, கதவு எண், எல்லாம் அட்சரம் பிசகாமல் இருந்தன. வாத்தியார், மாட்டு டாக்டர், பிரம்மச்சாரி என்று ஊர் முழுக்கப் பொய் சொன்ன மனிதர், முகவரி கேட்டதும் சரியான முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். இருபத்திரண்டு வருடப் பழக்கம், கை பொய் எழுத மாட்டேன் என்றிருக்கும் என்று நினைத்தேன். அக்கா வேறு மாதிரி நினைத்தாள்.

"அவருக்கு ஒரு லெட்டர் வரணும்னு இருந்திருக்குதுடா" என்றாள். பிறகு, "நான் செத்துட்டேனாமே" என்றாள்.

மாமாவுக்கு வந்த முதல் கடிதம் அன்று அவர் கைக்குப் போகவில்லை. அக்கா அதை அரிசிப் பானைக்கு அடியில் வைத்தாள். மறுநாள் அவர் அலுவலகம் போனதும் என்னை லீவு போடச் சொல்லி, சிதம்பரத்துக்குக் கிளம்பினாள். அவர் அங்கே குடியேறிவிடுவாரோ என்பதுதான் அவள் பயம். அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் ரயிலில் அவள் கை என் முழங்கையை விடவே இல்லை.

வடக்குவீதிக்குப் பின்னால் ஒரு சின்னத் தெரு. கதவைத் திறந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்தவராம். அக்கா கார்டை நீட்டினாள்.

"நான் அவரோட தங்கச்சி. வீடு பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்."

பொய் சொல்வதில் புருஷனுக்குச் சற்றும் இளைத்தவள் இல்லை என் அக்கா.

ஓர் அறை, ஒரு சமையலறை, பின்னால் கிணறு. கிழக்குப் பார்த்த ஜன்னல். சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை. அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டீச்சர் பின்னாலேயே வந்து பேசினார்.

"பாவம், உங்க அண்ணன் இங்கதான் நின்னு சொல்லிக்கிட்டிருந்தாரு. கல்யாணமாகி ஒரே வருஷத்துல காய்ச்சல்ல போயிட்டாங்களாமே. இருவது வயசாமே?"

"ம்" என்றாள் அக்கா.

"தேவனாம்பட்டினம் கடக்கரையில அவங்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கத்துக் குடுத்தாராம். யாரும் பாக்காம விடியக்காலம் கூட்டிட்டுப் போவாராம். பொடவைய வரிஞ்சு கட்டிக்கிட்டு, 'கைய விடுங்க, கைய விடுங்க'ன்னு கத்துவாங்களாம். ஒரு நா இவரு கைய விட்டுட்டாரு. நேராப் போயி கட்டுமரத்துல மோதி, தாடை கிழிஞ்சு நாலு தையலாம். ரத்தம் ஒழுவ ஒழுவச் சிரிச்சாங்களாம். அந்த மாதிரிச் சிரிப்பு அப்பறம் என் வாழ்க்கையில கேக்கவே இல்லம்மான்னாரு. சொல்றப்ப ஆம்பள அழுவுறாரு, நான் என்னா செய்ய?"

அக்கா முந்தானையை எடுத்துத் தாடையில் வைத்துக்கொண்டாள். ஆனால் அதற்குள் டீச்சர் பார்த்துவிட்டார். உதட்டுக்குக் கீழே கோணலாக ஓடும் அந்தத் தழும்பு எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பழகிப்போன ஒன்று. அது எப்படி வந்தது என்று அவளுடைய பிள்ளைகளுக்குக்கூடத் தெரியாது. எனக்கு அப்போது ஏழு வயது, அம்மா மாமாவைத் திட்டியது மட்டும் லேசாக நினைவிருந்தது.

டீச்சர் கழுத்து நாடாவை எடுத்துச் சுருட்டினார். பிறகு, "தண்ணி குடிக்கிறீங்களாம்மா?" என்றார். செம்பைக் கொடுக்கும்போது தாழ்ந்த குரலில், "இந்த வீட்ட வேற யாருக்காவது குடுத்துடறேன். நீங்க கவலப்படாதீங்க. அவர ஏசவும் வேணாம்" என்றார்.

திரும்பும் ரயில் கிள்ளையைத் தாண்டியது. வெள்ளாற்றுப் பாலத்தில் வண்டி மெதுவாகப் போயிற்று.

"நான் அப்படியாடா சிரிச்சேன்?"

"எனக்குத் தெரியாதுக்கா. சின்னப் பையன்."

"எனக்கும் ஞாபகம் இல்ல" என்றாள். பிறகு வீடு வரும்வரை வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தாள்.

மாமா ஐந்தே முக்காலுக்கு வந்தார். காப்பியோடு கார்டையும் வைத்தாள் அக்கா. அவர் முதலில் முகவரிப் பக்கத்தைப் பார்த்தார். அந்த ஒரு கணம் அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். திருப்பிப் படித்ததும் முகம் செத்துவிட்டது. படித்து முடித்து எழுந்து, பெட்டியிலிருந்து ஒரு புதுக் கார்டையும் பேனாவையும் எடுத்துவந்து எழுத உட்கார்ந்தார். தெருமுனைப் பெட்டியில் ஆறரைக்குத் தபால் எடுப்பார்கள். எழுதி முடித்து, மை காய்வதற்காக ஆட்டிவிட்டு, அக்காவிடம் நீட்டினார். அவள் எட்டப் பிடித்து வாய்விட்டுப் படித்தாள்.

'தங்கள் கார்டு கிடைத்தது. முகவரி சரியானது. மற்ற விவரங்கள் தவறு. மனைவி உயிருடன் இருக்கிறார். வீடு தேவையில்லை.'

அலுவலகக் கடிதம் மாதிரியே இருந்தது. வேறு மாதிரி எழுத அவருக்குத் தெரியாது.

"இதுல ஒண்ணு தப்பு" என்றாள் அக்கா.

மாமா பதறிப்போய்க் கார்டைப் பிடுங்காத குறையாக வாங்கினார். "அட்ரஸா?"

"அட்ரஸ் சரியாத்தான் இருக்குது. மத்த விவரம் தப்புன்னு போட்டிருக்கீங்களே, அது தப்பு. அங்க போயி அந்தம்மாவப் பாத்துட்டுத்தான் வரேன். சைக்கிள் ஓட்டின பொண்ணு செத்துத்தான் போயிட்டா. எனக்கே இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. எனக்கும் துக்கமாத்தான் இருக்குது." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "வீடு தேவையா இல்லையான்னு நான் சொல்ல முடியாது. அத நீங்கதான் சொல்லணும்."

அவர் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆறரை ஆயிற்று. தபால் எடுக்க வந்த சைக்கிளின் மணி தெருமுனையில் கேட்டது. எனக்கு விவரம் தெரிந்த நாளாக எழுதின தபாலை வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்து பார்த்ததில்லை. அன்று அவர் எழுந்திருக்கவில்லை.

அதற்கப்புறம் சிதம்பரம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து வந்து கூடத்தில் உட்கார்ந்திருப்பார். அக்கா உள்ளே உட்கார்ந்திருப்பாள். இரண்டு பேருக்கும் நடுவில் சண்டை இல்லை, பேச்சும் அதிகம் இல்லை. ஒருநாள் சாயங்காலம் சைக்கிளை வெளியே எடுத்து, கேரியரைத் துணியால் துடைத்துவிட்டு, வாசலில் நிறுத்திக்கொண்டு நின்றார். அக்கா நிலைப்படி வரை வந்தாள். "முட்டி ஜாஸ்தியா வலிக்குதுங்க" என்றாள். "சரி, சரி" என்று உள்ளே தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். அவள் சமையலறைக்குப் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

எனக்கு மாற்றலாகி, கல்யாணமாகி, நான் வேறு ஊர்களுக்குப் போய்விட்டேன். அக்கா முந்திக்கொண்டாள். இரண்டு வருடம் கழித்து மாமாவும் போனார். அவர் பெட்டியைப் பிரித்தபோது, கல்யாணத்தில் மீந்த அந்த உறை கிடைத்தது. மேலே அவர் பெயரும் கடலூர் முகவரியும். உள்ளே அந்தக் கார்டு.

'மற்ற விவரங்கள் தவறு' என்ற வரியை அடித்திருந்தார். அதே பேனா, அதே நீல மை, ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. அதற்கடுத்த 'மனைவி உயிருடன் இருக்கிறார்' என்ற வரியையும் அடித்திருந்தார். அது பால்பாயிண்ட் பேனா. கோடு நேராக இல்லை. அக்கா போன பிறகு அடித்ததாக இருக்க வேண்டும்.

'வீடு தேவையில்லை' என்பதை அவர் அடிக்கவில்லை.